முகத்துவாரமும் இருதயமும்

(விழாவை ஒட்டி நடைபெற்ற நோயாளர் நாள் திருப்பலிக்குப் பின், கோவில் முற்றத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை. விழாக் குழுவினரின் வேண்டுகோளுக்கு இணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)



விழாக் குழுவினர் என்னைப் பங்கின் வரலாற்றைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பழவேற்காட்டின் வரலாறு பெரியது. போர்த்துக்கீசியர் வந்ததையும், மகிமை மாதா ஆலயம் எழுந்ததையும், டச்சுக்காரர் கோட்டை கட்டியதையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். எனவே அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். இன்று நோயாளர் நாள். சற்று முன்புதான் உங்களில் பலருக்கு நோயிற்பூசுதல் வழங்கினேன். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசும்போது ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, கொடியேற்றத்தன்னிக்கு நீங்க மூச்சு வாங்கி நின்னீங்களே, உங்களுக்கு யார் எண்ணெய் பூசுறது?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

என் அன்பு மக்களே, எனக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்த மருத்துவர்களுக்கும் முழுமையாகத் தெரியாது. இருதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்கிறார்கள். சரியில்லாமல் போனது எப்படி, இனி அது என்ன ஆகும் என்பதில் ஒருவர் சொன்னதை அடுத்தவர் சொன்னதில்லை. இந்தத் தெரியாமையோடு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டேன். அதைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். என் கதையைச் சொல்லி இரக்கம் தேட அல்ல. இந்தப் பங்கில் இதே நிலையில் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் பேசுவதில்லை. அதனால் நான் பேசுகிறேன்.

முதலில் வால்வு என்பது என்ன? சைக்கிள் டியூபுக்கு வால்டியூப் போடுகிறோம் அல்லவா? காற்று உள்ளே போகும், திரும்பி வெளியே வராது. இருதயத்தில் அதுபோன்ற கதவுகள் நான்கு இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் முறை அவை திறந்து மூடுகின்றன. நாம் தூங்கினாலும் அவை தூங்குவதில்லை. அவற்றில் இடப்பக்கம் இருக்கும் ஒன்றுக்கு மிட்ரல் வால்வு என்று பெயர். இந்தப் பெயர் நம் கோவிலிலிருந்து போன பெயர் என்றால் வியப்பாக இருக்கும். ஆயர் தலையில் இரண்டு இதழ் சேர்ந்ததுபோல் ஒரு முடி சூடியிருப்பாரே, அதற்கு மைட்டர் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டில் உடற்கூறு நூல் எழுதிய வெசாலியுஸ் என்ற மருத்துவர், இரண்டு இதழ் கொண்ட இந்தக் கதவைப் பார்த்து, ஆயரின் முடி போல இருக்கிறதென்று அந்தப் பெயரையே வைத்துவிட்டார். ஆகவே நாம் ஒவ்வொருவரும் நெஞ்சுக்குள் ஓர் ஆயர் முடியைச் சுமந்துகொண்டுதான் நடக்கிறோம்.

இந்தக் கதவு இரண்டு விதமாகக் கெடும். சரியாகத் திறக்காது, அல்லது சரியாக மூடாது. திறக்காமல் போவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம் முகத்துவாரம் மணல் மூடிப்போனால் என்ன ஆகிறது? ஏரிக்கும் கடலுக்கும் போக்குவரத்து நின்றுபோகிறது. கடல்நீர் உள்ளே வராது; இறால் குஞ்சு வராது; படகு வெளியே போக வழியில்லை. மழைக்காலத்தில் ஆற்று நீர் வந்தால் ஊருக்குள் தேங்குகிறது. மிட்ரல் வால்வும் அப்படித்தான். நல்ல நிலையில் அதன் வாய் 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும். அது இறுகி ஒன்றரைக்குக் கீழே வந்தால் இரத்தம் நுரையீரலில் தேங்குகிறது. மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுக்க முடிவதில்லை. சிலருக்கு இருமலில் இரத்தம் வரும், டி.பி. என்று எண்ணி மாதக்கணக்கில் வேறு மருந்து சாப்பிட்டவர்களும் உண்டு.

நம் நாட்டில் இளவயதில் இந்த வால்வு கெடுவதற்கு முதன்மையான காரணம் வாதக் காய்ச்சல். சிறு பிள்ளைக்குத் தொண்டை நோகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி. வெந்நீரும் உப்பும் போட்டுக் கொப்பளிக்கச் சொல்லி விட்டுவிடுகிறோம். இரண்டு மூன்று வாரம் கழித்து முழங்கால் வீங்குகிறது. அது வடிந்ததும் கணுக்கால், பிறகு முழங்கை. வளர்கிற வலி என்று எண்ணிப் பத்துப் போடுகிறோம். வீக்கம் போய்விடுகிறது. ஆனால் கிருமியோடு போரிடப் புறப்பட்ட உடம்பு, ஆளை மாற்றிப் புரிந்துகொண்டு, தன் சொந்த வால்வையே தாக்கிவிடுகிறது. பெரும்பாலும் 5 வயது முதல் 15 வயதுக்குள் இது வரும். நெருக்கமான வீடுகளில், ஒரே பாயில் நாலு பிள்ளை படுக்கிற இடத்தில், அதிகம் வரும். நம் குப்பங்களின் வீடுகள் எப்படியென்று உங்களுக்குத் தெரியும்.

இனி என் கதைக்கு வருகிறேன். தெற்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவன் நான். 12 வயதில் எனக்கு முழங்கால் வீங்கியது. பாட்டி எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். சரியாகிவிட்டது. 16ஆம் வயதில் சிறிய குருமடத்தில் சேர்ந்தபோது வழக்கமான சோதனை. மருத்துவர் என் நெஞ்சில் குழாயை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "முணுமுணுப்பு கேட்கிறது. வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டிருக்கிறது. பந்து ஆடாதே. 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டுக்கொள்" என்றார். அன்று இரவு நான் தூங்கவில்லை. சாவைப் பற்றிய பயத்தைவிட, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்து வேறொரு மருத்துவர். "இது குற்றமில்லாத முணுமுணுப்பு. ஆரோக்கியமான எத்தனையோ பிள்ளைகளுக்கு இப்படிக் கேட்கும். ஊசியை நிறுத்து" என்றார். மகிழ்ச்சியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? குருப்பட்டத்துக்கு முந்திய சோதனைக்குப் போனபோது, இந்தச் சீட்டை மட்டும் மேலே வைத்து, முதல் சீட்டைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். பொய் சொல்லவில்லை, உண்மையில் பாதியை மட்டும் சொன்னேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, பாதி உண்மையின் எடை எவ்வளவு என்று நன்றாகவே தெரியும்.

பிறகு எக்கோ என்ற பரிசோதனை செய்தார்கள். அந்த மருத்துவர் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதழ் கொஞ்சம் தடித்திருக்கிறது, கொஞ்சம் கசிகிறது. வாதக் காய்ச்சலின் சுவடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். ஊசி மறுபடி தொடங்கியது. 40 வயதில் மருத்துவரே நிறுத்தினார். 50 வயது தாண்டியபின் இன்னொருவர், "இதழ் பின்பக்கம் பிதுங்குகிறது. இது பிறவி வாகாகவும் இருக்கலாம். வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள்" என்றார். இவ்வளவுதான் என் சரித்திரம். நான்கு மருத்துவர்கள், நான்கு பதில்கள்.

இவர்கள் யாரும் கல்லாதவர்களோ அக்கறை இல்லாதவர்களோ அல்லர். இந்த நோயின் தன்மையே அப்படி. இருதயத்தின் ஒலியைக் கேட்கும் குழாயை 1816இல் பாரிஸ் நகரில் கண்டுபிடித்தவர் லேனெக் என்ற மருத்துவர். ஆழ்ந்த விசுவாசமுள்ள கத்தோலிக்கர். ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பது முறையல்ல என்று தயங்கி, காகிதத்தைச் சுருட்டிக் குழாயாக்கி வைத்துக் கேட்டார். வெட்கத்தைக் காக்க எண்ணிய ஒரு நல்ல மனம், உலகத்துக்கே ஒரு கருவியைத் தந்தது. அவர் 1826இல் காசநோயால் இறந்தார். அந்த நோயை அவருடைய உறவினர் ஒருவர், அவர் கண்டுபிடித்த குழாயை வைத்தே உறுதிசெய்தார் என்பது வரலாறு.

எக்கோ கருவியின் கதையை நம் இளைஞர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். காசிமேட்டு விசைப்படகுகளில் வேலைக்குப் போகிறவர்கள் மீன் தேடும் எக்கோவைப் பார்த்திருப்பீர்கள். ஒலியை அடியில் அனுப்பி, அது பட்டுத் திரும்புவதைத் திரையில் காட்டும். அதே தத்துவந்தான். 1953இல் சுவீடன் நாட்டில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும், கப்பல் கட்டும் துறையில் இரும்பின் விரிசலைக் கண்டுபிடிக்க வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி, மனித இருதயத்தைப் பார்த்தார்கள். அவர்கள் தேடியதும் மிட்ரல் வால்வின் இறுக்கத்தைத்தான். இப்போது நான் உங்களைக் கேட்கிறேன். படகில் எக்கோ இருந்தால் ஸ்ராங்கு தவறே செய்ய மாட்டாரா? திரையில் கறுப்பாகத் தெரிவது மீன் கூட்டமா, சொறி மீனா, சேறா என்று வலையை இறக்கும்வரை உறுதியாகச் சொல்வாரா? இருதயத்திலும் அப்படியே. பெரிய பழுது தெளிவாகத் தெரியும். சிறிய பழுது தெளிவாகத் தெரியாது. அதற்கு மருத்துவர்கள் எல்லைக்கோட்டு நிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் செய்த ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். டில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அரியானாவில் பல்லப்கர் பகுதியில் 6270 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். குழாய் வைத்துக் கேட்டதில் வால்வு நோய் தெரிந்தது 5 பேருக்கு. எக்கோ வைத்துப் பார்த்தபோது சந்தேகத்துக்குரிய அடையாளம் தெரிந்தது 128 பேருக்கு! அந்தப் பிள்ளைகளைச் சராசரியாக ஒன்றேகால் ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு அடையாளம் குறைந்தது. பெரும்பாலோருக்கு அப்படியே இருந்தது. நூற்றுக்கு நாலு பேர் அளவில் அதிகமானது. அந்த நாலு பேர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

இதைக் கேட்டதும், "நூற்றுக்கு நாலுதானே, விட்டுவிடலாம்" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் நடந்த இன்னோர் ஆய்வையும் கேளுங்கள். இப்படி எக்கோவில் மட்டும் அடையாளம் தெரிந்த 818 பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாதம் தவறாமல் பென்சிலின் ஊசி போட்டார்கள். மறு பிரிவுக்குப் போடவில்லை. 2021இல் முடிவு வெளிவந்தது. இரண்டு ஆண்டில், ஊசி போடாத பிரிவில் நூற்றுக்கு 8 பேருக்கு மேல் நோய் முற்றியது. ஊசி போட்ட பிரிவில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. ஆகவே, நோய் உண்டா இல்லையா என்பது உறுதியில்லாதபோதும், செய்ய வேண்டியது இன்னதென்பது உறுதியாக இருக்க முடியும். நான் இன்று சொல்ல வந்த செய்தி இது ஒன்றுதான். "தெரியாது" என்பதும் மருத்துவர் தரும் ஒரு பதில். அந்தப் பதிலுக்கும் உரிய கடமைகள் உண்டு.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? தெரியாது என்ற பதிலைப் பொறுக்க நம்மால் முடிவதில்லை. ஒன்று, அதை "ஒன்றுமில்லை" என்று ஆக்கிவிடுகிறோம். அல்லது, "எல்லாம் முடிந்தது" என்று ஆக்கிவிடுகிறோம். இரண்டுக்கும் நம் கரையிலேயே சாட்சி உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். யாரென்று நீங்களும் தேட வேண்டாம்.

முதலாவது, என் குற்றம். நான் இந்தக் கரைக்கு வந்த புதிதில், ஒரு தாய் பத்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். எக்கோவில் எல்லைக்கோடு என்று எழுதியிருந்தார்கள். மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. ஊசி பிள்ளைக்கு வலிக்கிறது; ஊசி நாளில் வலைக்குப் போகாமல் தகப்பன் கூலி இழக்கிறார்; பொன்னேரிக்குப் பஸ் செலவு வேறு. யாரோ, விசுவாசம் இருந்தால் ஊசி எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். "சாமி, ஊசியை நிறுத்திப் பார்க்கட்டுமா?" என்று அந்தத் தாய் கேட்டார்கள். திருநாள் வேலை. பந்தல்காரர் காத்திருந்தார். நான் பிள்ளையின் தலையில் கை வைத்து, "மாதா பார்த்துக்கொள்வாள், போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஊசி போடு என்றும் சொல்லவில்லை. நிறுத்து என்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எதைக் கேட்டுக்கொண்டு போனார்கள் என்பது எனக்குத் தெரியும். நாற்பது நாள் உபவாசத்தைவிட ஒரு வார்த்தை பெரிதாக இருந்திருக்கும் அந்த இடத்தில், நான் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

இரண்டு ஆண்டில் மறுபடி காய்ச்சல் வந்தது. இந்த முறை எல்லைக்கோடு இல்லை, தெளிவாகவே தெரிந்தது. பிறகு சென்னையில் பலூன் சிகிச்சை செய்தார்கள். தொடை நரம்பு வழியாக ஒரு பலூனைக் கொண்டுபோய் இறுகிய வால்வை விரிக்கிற முறை அது. இனோவே என்ற ஜப்பானிய மருத்துவர் 1980களில் உலகுக்குத் தந்தது. இறைவன் அருளால் அவள் நலமாக இருக்கிறாள். அந்தத் தாய் ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை. இப்போதும் முதல் மீனில் எனக்குப் பங்கு கொடுத்தனுப்புகிறார்கள். அந்த மீனைச் சாப்பிடுவது எனக்கு எளிதாக இல்லை.

இரண்டாவது, ஒரு வாலிபனின் கதை. அவனுக்கும் அதே எல்லைக்கோடுதான். மருத்துவர், "வேலை செய்யலாம், வருடம் ஒருமுறை காட்டு" என்றுதான் சொன்னார். ஆனால் ஊருக்குள் "இருதய நோயாளி" என்று பெயர் பரவியது. நடுக்கடலில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று படகில் ஏற்ற மறுத்தார்கள். பேசி வைத்திருந்த பெண்ணையும் கொடுக்கவில்லை. நோய் அவனை ஒன்றும் செய்யவில்லை. நாம் செய்தோம். நல்ல உடம்போடு நாலு ஆண்டு கரையில் உட்கார்ந்து வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான். பெண் பிள்ளைகளின் நிலை இதைவிடக் கடினம். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திருமணம் முடிக்கிறார்கள். கருவுற்ற காலத்தில் உடம்பில் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது. இறுகிய வால்வு அதைத் தாங்காமல் திணறும். மறைத்த நோய் பிரசவ அறையில்தான் வெளியே வருகிறது. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பெரும்பாலும் தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற வழி இருக்கிறது.

குருமடத்தில் எங்களுக்கு விவிலியம் கற்றுத்தந்த பேராசிரியர் ஒரு வகுப்பு முழுவதும் புனித பவுலின் உடலில் தைத்த முள்ளைப் பற்றிப் பேசினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகம், 12ஆம் அதிகாரம். அது என்ன நோய்? கண் நோய் என்பார் சிலர், மலேரியா என்பார் சிலர், வலிப்பு என்பார் சிலர், நோயே அல்ல என்பாரும் உண்டு. இருபது நூற்றாண்டாக அறிஞர்கள் முடிவுக்கு வரவில்லை. பவுல் மும்முறை மன்றாடினார், முள் எடுக்கப்படவில்லை. ஆயினும் அவர் நடந்தார், கப்பல் ஏறினார், கடிதம் எழுதினார். அவருடைய நண்பர் லூக்கா ஒரு மருத்துவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். மன்றாட்டும் இருந்தது, மருத்துவரும் பக்கத்தில் இருந்தார். சீராக்கின் ஞானம் 38ஆம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்வதும், மன்றாடச் சொல்வதும் அதே அதிகாரந்தான். இரண்டையும் பிரித்தது நாம்.

நம் ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் முறை. நம் முன்னோர் தந்த நீதி. உன் பாடு வரும்வரை நீ காத்திருக்கிறாய். ஆனால் சும்மா காத்திருப்பதில்லை. வலையைச் செப்பனிடுகிறாய், கயிற்றைப் பார்க்கிறாய், கழியைச் சீவுகிறாய். அந்த நாளில் இறால் வருமா வராதா என்று உனக்குத் தெரியாது. தெரியாது என்பதற்காக வலையை அறுத்துப் போட்டதுண்டா? நம் ஆண்டவரின் துன்பத்தையும் பாடுகள் என்றுதான் சொல்கிறோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் அமைந்தது நமக்காகவே என்று எனக்குத் தோன்றும். கெத்சமனியில் அவரும் அந்தக் கிண்ணம் அகலுமா என்று கேட்டார். பதில் வராத அந்த இரவில், அவர் நண்பர்களிடம் கேட்டது விழித்திருக்கத்தான்.

ஆகவே, விழித்திருப்பது எப்படி என்று சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன்.

பிள்ளைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால், பழவேற்காடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போங்கள். மருந்தைச் சொன்ன நாள்வரை முழுமையாகக் கொடுங்கள். மூட்டு மாறி மாறி வீங்கினால் எண்ணெயோடு நிறுத்தாதீர்கள்.

ஊசி போடச் சொல்லியிருந்தால், மருத்துவர் நிறுத்தும்வரை நிறுத்தாதீர்கள். எத்தனை ஆண்டு என்பதை அவரே சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டாரும் சொல்லக்கூடாது, பங்குச் சாமியாரும் சொல்லக்கூடாது. ஊசியை மருத்துவமனையில்தான் போட வேண்டும்; ஒவ்வாமை வந்தால் அங்கேதான் பார்க்க முடியும்.

எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில், தேதி வரிசையில் வையுங்கள். நல்ல சீட்டை மேலேயும் கெட்ட சீட்டை அடியிலும் வைக்காதீர்கள். நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள். பழைய எக்கோவும் புதிய எக்கோவும் பக்கத்தில் இருந்தால்தான் வால்வு மாறுகிறதா, நிற்கிறதா என்று மருத்துவருக்குத் தெரியும். பல் பிடுங்கப் போனாலும், பிரசவத்துக்குப் போனாலும், அந்தப் பை கூடவே போகட்டும்.

மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நான் என்ன வேலை செய்யலாம்? எது வந்தால் உடனே ஓடிவர வேண்டும்? மறுபடி எப்போது காட்ட வேண்டும்? நோயின் பெயர் உறுதியாகத் தெரியாதவருக்கும் இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது. அதை வைத்துத்தான் நான் வாழ்கிறேன்.

ஒருவேளை நோய் முற்றிவிட்டால் அதுவும் முடிவல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1961லேயே இருதயத்தைத் திறந்து அறுவை செய்தார்கள். செயற்கை வால்வு வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில், ஏழைக்கு எட்டாத விலையாக இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் மருத்துவர் வலியத்தானும் அவருடைய குழுவினரும் நம் நாட்டிலேயே ஒன்றைச் செய்ய முனைந்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நான்காவது நின்றது. 1990 டிசம்பர் 6ஆம் தேதி அது முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அதற்குப் பிறகு 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நெஞ்சில் அந்தச் சித்ரா வால்வு துடிக்கிறது. மூன்று முறை தோற்றவர்கள், நான்காவதும் தோற்குமா என்று தெரியாமலேதான் வேலை செய்தார்கள். அறுவைச் செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு; அட்டை எடுக்காதவர்கள் இந்த வாரமே எடுங்கள்.

கடைசியாக, பங்கின் கடமை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டபோது, தனி ஆள் மண்வெட்டியோடு போய் அதைத் திறந்ததில்லை. குப்பம் குப்பமாகப் பணம் போட்டு, ஆள் போட்டு வெட்டினோம். நோயும் அப்படியே. இவ்விழாவின் நினைவாக ஒரு சிறு ஏற்பாடு செய்திருக்கிறோம். ஊசி நாளில் பஸ் செலவை வின்சென்ட் தே பவுல் சபை ஏற்கும். தகப்பன் வலைக்குப் போக வேண்டிய நாளில், மரியாயின் சேனைச் சகோதரிகள் பிள்ளையோடு துணைக்குப் போவார்கள். பெயர்ப் பட்டியல் என் அறையில் மட்டும் இருக்கும். கோவிலில் வாசிக்கப்பட மாட்டாது. அந்தப் பட்டியலின் முதல் பெயராக என் பெயரையே எழுதியிருக்கிறேன். அடுத்து வருகிறவருக்கு வெட்கம் குறையட்டும் என்பதற்காக.

படகு முதலாளிமார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மருத்துவர் வேலை செய்யலாம் என்று எழுதிக்கொடுத்தவனைக் கரையில் நிறுத்தாதீர்கள். பெண் கொடுப்போரே, பெண் எடுப்போரே, சீட்டைக் காட்டிய குடும்பம் நேர்மையான குடும்பம். அவர்களைத் தண்டித்தால் அடுத்த குடும்பம் சீட்டைக் கிழித்துவிடும்.

அந்த மூதாட்டிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. பாட்டி, எனக்கு எண்ணெய் பூச அடுத்த மாதம் பக்கத்துப் பங்குச் சாமியார் வருகிறார். அதற்கு முந்திய வாரம் எக்கோவுக்கும் போகிறேன். திரையில் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. எது தெரிந்தாலும், ஞாயிறு காலைப் பூசைக்கு நான் இங்கே இருப்பேன். இல்லையென்றால் ஏன் இல்லை என்பதை உங்களுக்கு மறைக்காமல் சொல்லுவேன். உங்கள் வீட்டுச் சுவரில் திரு இருதய ஆண்டவரின் படம் இருக்கிறது. முள் சூழ்ந்த இருதயம் அது. அந்த முள்ளோடுதான் அது எரிந்துகொண்டிருக்கிறது. இன்று இரவு அதன் முன் விளக்கேற்றும்போது, இன்னதென்று தெரியாத நோயோடு இருக்கும் எல்லாரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களோடு என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இறைவன் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.